ஐந்தாவது எண்டர்

கம்ப்யூட்டரில் புதிய திரை வந்த திங்கட்கிழமை காலை, டெஸ்பாட்ச் அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நாற்காலியில் ஏகாம்பரம் அண்ணன். அவருக்குப் பின்னால், கையில் நோட்டுடன் அலுவலக மேலாளர் செல்லத்தாய் மேடம். வாசற்படியில் சாய்ந்தபடி தர ஆய்வுப் பிரிவின் நஸ்ரீன் அக்கா. மேசைக்கு அடியில், வயர்களுக்கு நடுவே மண்டியிட்டபடி நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், மென்பொருள் நிறுவனத்திலிருந்து பயிற்சி தர வருவதாகச் சொல்லியிருந்த அருண். வேறொரு ஆலையில் மாட்டிக்கொண்டேன் என்று செய்தி அனுப்பிவிட்டார். இன்னொருவர், அந்தத் திரையை மாற்றி வரைந்த ஆள். அவர் யார், எந்த ஊரில் எந்த நாற்காலியில் உட்கார்ந்து வரைந்தார் என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

"இன்னா நைனா இது," என்று ஏகாம்பரம் அண்ணன் குனிந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "ஊட்டுக்கு வெள்ளையடிச்சா மாரி பளிச்சுனு கீது. பீரோ எங்க, கட்டில் எங்கன்னுதான் தெர்ல."

"பழகிடும்ணே," என்றேன். ஒன்பது வருட வேலையில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுதான். இப்போது நினைத்தால் அதைத்தான் குறைவாகச் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இப்படிப்பட்ட கட்டுரையைப் பணி ஓய்வு பெறுகிறவர்கள் எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயதுதான் ஆகிறது. ஆனாலும் இந்த மாதக் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் என் நாற்காலியை விட்டு எழுந்துகொள்கிறேன்; கிண்டிப் பக்கம் வேறு வேலை கிடைத்திருக்கிறது. என் இடத்துக்கு வரும் திவ்யாவும் இம்ரானும், "பாஸ்வேர்டு லிஸ்ட் மட்டும் குடுத்துட்டுப் போகாதீங்கண்ணா, வேற ஏதாச்சும் எழுதிக் குடுங்க," என்று கேட்டார்கள். கேட்டதற்குக் காரணம் உண்டு. அடுத்த மாதம் மறுபடியும் திரை மாறுகிறது.

எங்கள் வீடு வேப்பம்பட்டில். பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் நான். அப்பா அரிசி கோடவுனில் மூட்டை தூக்கினார். அம்மா எக்ஸ்போர்ட் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டினார். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்ததும் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடந்துபோகிற தூரத்தில், பிரேக்குக்கான இரும்பு பின்கள் செய்யும் இந்தத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். பதவியின் பெயர் சிஸ்டம் அசிஸ்டென்ட். எல்லோரும் கூப்பிட்டது 'சிஸ்டம் தம்பி'. முதல் இரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிரின்டர் ரிப்பன் மாற்றினேன், எலி கடித்த வயரை மாற்றினேன், கீபோர்டுக்குள் விழுந்த முறுக்குத் துண்டுகளைத் தட்டி எடுத்தேன். வேலை தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் வருடம் செல்லத்தாய் மேடம் எங்கள் அலுவலகத்துக்கு மேலாளராக வந்தார். திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. குரலை உயர்த்தி அவர் பேசி நான் கேட்டதில்லை. யாருடைய மேசைக்குப் போனாலும், "பின்னால நிக்கலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் நிற்பார். கடைசி நிலைக் கிளார்க்கிடமும் அப்படித்தான், முதலாளியின் மகனிடமும் அப்படித்தான்.

அந்த நாட்களில் கணக்குப் பிரிவில் எல்லோரும் பயன்படுத்தும் அட்டவணை மென்பொருளின் மேல்பட்டை மாறியது. எழுத்தாக இருந்த மெனுவெல்லாம் படங்களாயின. அங்கிருந்த ஒரு அக்கா நாளைக்கு ஏழெட்டு முறை என்னை அழைப்பார். போவேன், அவர் கையிலிருந்து மவுஸை வாங்கி, "இதோ இருக்கு பாருங்கக்கா," என்று இரண்டு சொடுக்கில் முடித்துவிட்டு வருவேன். என் நாற்காலி சூடாவதற்குள் மறுபடி அழைப்பார். இவருக்கு வராது என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

ஒருநாள் மேடம் என்னை நிறுத்தினார். "மவுஸைப் பிடுங்காதப்பா. அவங்க கை எங்க போகுதுன்னு நீ ஒருநாளாவது பாத்திருக்கியா?"

பார்த்தேன். அக்காவின் கை, ஒவ்வொரு முறையும், திரையின் மேல் இடதுபக்கம் நான்கு விரல் தள்ளி ஒரே இடத்துக்குப் போயிற்று. அச்சடிக்குமுன் பார்க்கும் 'பிரிவியூ' முன்பு இருந்த இடம் அது. அவர் பெயரைப் படித்துத் தேடவே இல்லை. நம் வீட்டு சுவிட்சுப் பலகையில் ஃபேன் எது, லைட் எது என்று படித்துப் பார்த்தா போடுகிறோம்? ராத்திரியில் கூடக் கை போகும். யாரோ ஒருவர் நம்மைக் கேட்காமல் பலகையைக் கழற்றிச் சமையலறையில் மாட்டிவிட்டு, இப்போதுதான் அழகாக இருக்கிறது என்றால் எப்படி இருக்கும்? அந்தப் படத்தைப் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே இழுத்து வைக்க வழி இருந்தது. வைத்துக் கொடுத்தேன். மறுநாள் அழைப்பு இல்லை. சாயங்காலம் ஒரு கொய்யாப்பழம் என் மேசைக்கு வந்தது.

அதன்பின் மேடம் ஒரு நோட்டுப் போட்டார். நீளமான, சிவப்புத் துணி அட்டை போட்ட நோட்டு. பக்கத்துக்கு மூன்று பத்திகள். 'என்ன செய்தார்', 'என்ன வரும் என்று நினைத்தார்', 'என்ன வந்தது'. யார் எந்தக் குறை சொன்னாலும் அந்த மூன்றில் எழுத வேண்டும். 'தப்பு' என்ற சொல்லை எந்தப் பத்தியிலும் எழுதக்கூடாது. 'தெரியவில்லை' என்றும் கூடாது. "தெரியலைன்னு எழுதினா யாருக்குத் தெரியலைன்னு ஒரு கேள்வி வருமில்லையா?" என்பார். எழுதியதைத் தினமும் ஐந்து மணிக்கு வாசித்துப் பார்த்துப் பென்சிலால் சின்னக் கோடு போடுவார். அந்தக் கோடு இல்லாமல் நான் ரயிலுக்குக் கிளம்ப முடியாது.

இனி ஏகாம்பரம் அண்ணன் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

அவர் கொரட்டூர்க்காரர். எட்டாவது வரை படித்தவர். இதே தொழிற்சாலையில் லோடு ஏற்றும் ஆளாகச் சேர்ந்து, எண்ணிக்கையில் தவறாத ஆள் என்று பெயர் வாங்கி, டெஸ்பாட்ச் நாற்காலிக்கு வந்தவர். அந்த நாற்காலிக்கு எதிரில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வண்டிகளில் சரக்கு ஏற்றும் மேடை. பின்களை நிரப்பிய நீல டிரேக்களை ஆட்கள் தூக்கி வண்டிக்குள் வைப்பார்கள். ஏகாம்பரம் அண்ணனின் கண் ஜன்னலில் இருக்கும். இடது கை ஜன்னல் விளிம்பில் டிரேக்கு ஒரு தட்டு தட்டும். வலது கை கீபோர்டில். சரக்கின் எண்ணை அடித்துவிட்டு ஒரு எண்டர், இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது எண்டருக்குக் கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து 'பீப்' என்று ஒரு சத்தம் வரும். வந்ததும் கையைத் தூக்கி டிரைவருக்குக் காட்டுவார். வண்டி கிளம்பும். திரையை அவர் பார்க்கவே மாட்டார்.

சில லாட்டுகளை, அதாவது சரக்குத் தொகுதிகளை, நஸ்ரீன் அக்கா ஹோல்டில் போட்டிருப்பார். பரிசோதனை முடியவில்லை, அனுப்பாதே என்று பொருள். அப்படிப்பட்ட லாட்டை அடித்தால் பழைய திரை நடுவில் ஒரு கேள்வி கேட்கும்: 'இந்த லாட் ஹோல்டில் உள்ளது. விடுவிக்கவா?' இரண்டு பீப்பும் அடிக்கும். ஏகாம்பரம் அண்ணனுக்கு ஒரு பீப் என்றால் வண்டி போகலாம், இரண்டு என்றால் நிற்க வேண்டும். எண்டரைக் கூடுதலாக அழுத்திவிட்டாலும் ஆபத்தில்லை. அந்தக் கேள்வியில் எப்போதும் 'இல்லை' என்பதுதான் ஏற்கெனவே தேர்வாகி நிற்கும். நஸ்ரீன் அக்கா கையெழுத்துப் போட்ட சீட்டு வந்தால் மட்டும் அம்புக்குறியை நகர்த்தி 'ஆம்' கொடுப்பார்.

புதிய மென்பொருள் பழைய கம்ப்யூட்டரில் ஓடாது என்றார்கள். அதனால் பன்னிரண்டு புதிய கம்ப்யூட்டர்கள் வாங்க முடிவாயிற்று. பட்டியலை நான்தான் தயாரித்தேன். கடைசி வரியில் ஸ்பீக்கர் பன்னிரண்டு ஜோடி என்று இருந்தது, ஜோடி முந்நூற்றைம்பது. ஆபீஸில் பாட்டா கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து அந்த வரியை அடித்தேன். ஜி.எம்., எங்கள் ஜெனரல் மேனேஜர், பட்டியலைப் பார்த்து, "குட், இப்படித்தான் யோசிக்கணும்," என்று என் தோளைத் தட்டினார். அன்று வீட்டில் இதைச் சொன்னேன். அம்மா பக்கத்து வீட்டிலும் சொன்னார்.

புதிய திரை வந்து மூன்று வாரங்களில் சிவப்பு நோட்டில் நாற்பது பக்கம் நிரம்பியது. எழுத்து சாம்பல் நிறத்தில் இருக்கிறது, ஐம்பது வயதுக் கண்ணுக்குப் பிடிபடவில்லை. வண்டி எண் கீழே இருந்தது, மேலே போய்விட்டது. பிரின்ட் படம் மூன்று புள்ளி மெனுவுக்குள் ஒளிந்துகொண்டது. சிலர் பழைய திரையின் ஜெராக்ஸை மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்கள், ஊருக்குப் போனவரின் போட்டோவை மாட்டுவதுபோல. எல்லாவற்றையும் எழுதினேன். ஒன்றைத் தவிர.

முதல் வாரத்திலேயே ஏகாம்பரம் அண்ணன் கேன்டீன் வரிசையில் என்னிடம் சொன்னார். "நைனா, சத்தம் வர்ல."

"இன்னா சத்தம்ணே?"

"அதான்பா, பீப்பு. முடிஞ்சுச்சா முடியலையான்னே தெரிய மாட்டேங்குது."

"அதெல்லாம் பழசுண்ணே. இப்ப எல்லாம் சைலன்ட்தான்," என்றேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சத்தம் என்பது திரையைப் பற்றிய குறை அல்லவே என்று நான் அதை நோட்டில் எழுதவில்லை.

மூன்றாம் வாரம் புதன்கிழமை. மதியம் இரண்டரை மணி இருக்கும். நஸ்ரீன் அக்கா டெஸ்பாட்ச் அறைக்கு வந்து, "ஏகாம்பரம்ணா, என் லாட் எங்கண்ணா?" என்றார்.

"எந்த லாட்டுமா?"

"காலைல ஹோல்ட் போட்டேனே, பன்னெண்டு டிரே. ஹார்ட்னஸ் ரிசல்ட் இன்னும் வரலண்ணா."

ஏகாம்பரம் அண்ணன் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார். "அது போய்ட்ச்சேம்மா. ஒண்ணே முக்காலுக்கே பழனி ஏத்திகினு போய்ட்டானே."

அவை சூட்டில் பதப்படுத்திய பிரேக் பின்கள். பதம் சரியாக இறங்காத பின்னும் பார்க்க மற்றவை மாதிரிதான் இருக்கும், ஆனால் வளையும். வாடிக்கையாளரின் ஆலை ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி இருக்கிறது. அவர்கள் கேட்டுக்குள் வண்டி போய்விட்டால் சரக்கு அவர்களுடையது. நேராக அசெம்பிளி லைனுக்குப் போகும். டிரைவர் பழனி வண்டி ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். நான்கு முறை அடித்துப் பார்த்தோம்.

"அவன் இன்னும் துண்ணல," என்றார் ஏகாம்பரம் அண்ணன். "பசி தாங்க மாட்டான். பூந்தமல்லி தாண்டி புளியமரத்தாண்ட ஒரு மெஸ்ஸு கீது, அங்கதான் வண்டிய போடுவான். வண்டிய எடு நைனா."

என் பைக்கில் வானகரம் வழியாகப் போனோம்.  சிக்னலில் நின்றபோது, "நா ரெண்டு பீப்பு கேக்கல நைனா, சத்தியமா," என்றார். ஹெல்மெட்டுக்குள் அது எனக்குச் சரியாகக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

புளியமரத்தடியில் மினி லாரி நின்றது. பழனி இலையில் சாம்பாரை முடித்து ரசத்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் அண்ணன் போய் அவர் தோளில் கை வைத்து, "எழுந்துரு மாமே, வண்டிய திருப்பு," என்றார்.

"இன்னா அண்ணாத்தே, ஒரு மனுசன சோறு துண்ணகூட வுட மாட்டியா?"

"நாளைக்கி நா வாங்கித் தர்றேன். எழுந்துரு."

சரக்கு திரும்பி வந்தது. சாயங்காலம் ரிசல்டும் வந்தது. பன்னிரண்டு டிரேயும் பாஸ். நஸ்ரீன் அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஜி.எம். பதிவேட்டைக் கேட்டார். மென்பொருளில் எல்லாம் பதிவாகியிருந்தது: ஹோல்ட் விடுவிக்கப்பட்டது, டெஸ்பாட்ச் மேசை, பதில்: ஆம். நஸ்ரீன் அக்காவின் சீட்டு இல்லை.

"டிரைவரைச் சீக்கிரம் அனுப்பணும்னு தெரிஞ்சேதான் ரிலீஸ் பண்ணியிருக்கார்," என்றார் ஜி.எம். வெள்ளிக்கிழமை விசாரணை. அதன்பின் மெமோ, திங்கள் முதல் அவர் வாசலில் வெயிலில் நின்று கேட் புக் எழுதப் போக வேண்டும் என்று பேச்சு. ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது அவருக்கு.

"லோடு ஏத்தினவன்தான் நானு," என்று டீக்கடையில் என்னிடம் சொன்னார். "வெயில்ல நிக்கறதுக்கு எனுக்கு இன்னா பயம்? தெரிஞ்சே பண்ணான்னு எழுதி வெச்சு நிக்க வெக்கறாங்க பாரு, அதான் தாங்கல."

வியாழக்கிழமை காலை செல்லத்தாய் மேடம் டெஸ்பாட்ச் அறைக்கு வந்தார். என்னையும் வரச் சொன்னார். "பின்னால நிக்கலாமா, அண்ணாச்சி?" என்று கேட்டார். ஏகாம்பரம் அண்ணன் தலையசைத்தார். "நேத்து எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செய்ங்க. நான் பாக்கேன்."

வெளியே ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் எண்ணை அடித்தார். கண் ஜன்னலுக்குப் போனது. மேடம் திரையைப் பார்க்கவில்லை. அண்ணனின் விரலைப் பார்த்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணினார். நான்கு. ஐந்து. ஆறு. ஏழு.

"ஏழா?" என்றார் மேடம்.

"சத்தம் வர்லியே மேடம். பீப்பு வந்தாதான முடிஞ்சதுன்னு அர்த்தம்? வர்ற வரைக்கும் அமுத்துவேன். முன்ன அஞ்சோட நின்னுடும். இப்ப எங்க நிக்குதுன்னே தெர்ல." பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். குற்றம் சொல்லும் குரலில் அல்ல, சாட்சிக்குக் கூப்பிடும் குரலில். "நைனாகிட்டகூட அன்னிக்கே சொன்னேன்."

மேடம் திரும்பி என்னைப் பார்த்தார்.

புதிய திரையில் அந்தக் கேள்வி வரும்போது என்ன தேர்வாகி நிற்கிறது என்று, ஹோல்டில் இருந்த ஒரு லாட்டை அடித்து, அப்போதுதான் நான் குனிந்து பார்த்தேன். 'ஆம்'. அழகான பச்சை நிறத்தில் 'ஆம்'. நேற்று அவருடைய ஆறாவது எண்டரோ ஏழாவதோ அதன்மேல் விழுந்திருக்கிறது. சத்தமும் இல்லாமல் இல்லை. மென்பொருளில் இருந்தது, ஸ்பீக்கர் வழியாக வரும்படி. ஸ்பீக்கர்தான் இல்லை.

எனக்கு நினைவில்லை மேடம் என்று சொல்லியிருக்கலாம். கேன்டீன் வரிசையில் பேசியதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? வேலை போனால் என்று நினைத்ததும் அப்பாவின் முதுகு ஞாபகம் வந்தது. அந்த வருடம்தான் அவரை மூட்டை தூக்க வேண்டாம் என்று வீட்டில் உட்கார வைத்திருந்தேன்.  ஆனால் அண்ணன் என்னை சாட்சிக்கல்லவா கூப்பிட்டிருக்கிறார்.

"சொன்னாரு மேடம்," என்றேன். "நான் நோட்டுல எழுதல. ஸ்பீக்கரை லிஸ்ட்லேர்ந்து அடிச்சதும் நான்தான்."

மேடம் சிவப்பு நோட்டைப் பிரித்து, புதிய பக்கத்தை எடுத்து, பேனாவை என்னிடம் கொடுத்தார். "நீயே எழுது."

மூன்று பத்திகளிலும் என் பெயரிலேயே எழுதினேன். என்ன செய்தார்: ஸ்பீக்கரைப் பட்டியலிலிருந்து நீக்கினார், சத்தம் வரவில்லை என்று சொன்னதை எழுதவில்லை. என்ன வரும் என்று நினைத்தார்: பணம் மிச்சமாகும். என்ன வந்தது: அந்தப் பத்திக்கு இடம் போதவில்லை, அடுத்த பக்கத்துக்குப் போனேன். மேடம் படித்துவிட்டுக் கீழே சின்னப் பென்சில் கோடு போட்டார். ஏகாம்பரம் அண்ணன் எட்டிப் பார்த்து, "எழுத்து முத்து முத்தா கீது நைனா," என்றார். கிண்டலா பாராட்டா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு அருணும் வந்தார். என் வயதுதான் இருக்கும், பணிவான ஆள். "சார், ஸ்கிரீன்ல தெளிவா கேக்குது. படிச்சிட்டு அழுத்தினா இந்தப் பிரச்சினையே வராது," என்றார். ஜி.எம். ஏகாம்பரம் அண்ணனைப் பார்த்தார்.

"அப்படீங்கீங்களா தம்பி," என்றார் மேடம். "சரி. நீங்களே ஒரு டெஸ்பாட்ச் போட்டுக் காட்டுங்களேன். உங்க ஸ்கிரீன்தான. எல்லாரும் பாப்போம்."

எல்லோரும் டெஸ்பாட்ச் அறைக்குப் போனோம். அருண் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே உண்மையான வண்டி, உண்மையான சரக்கு. நஸ்ரீன் அக்கா அதில் ஒரு லாட்டை வேண்டுமென்றே ஹோல்டில் போட்டிருந்தார். "டிரே எத்தனைன்னு எண்ணிக்கிட்டே அடிக்கணும், அதுவும் இந்த நாற்காலி வேலைதான்," என்றார் மேடம்.

அருண் நன்றாகவே செய்தார். ஒவ்வொரு பெட்டியையும் படித்தார். கேள்வி வந்தது, நிதானமாகப் படித்து, பச்சையை விட்டு நகர்ந்து 'இல்லை' கொடுத்தார். ஒரு பிழையும் இல்லை. நாற்காலியைத் திருப்பி, "பாருங்க சார், சிம்பிள்," என்றார்.

"எத்தனை டிரே ஏத்துனாங்க தம்பி?" என்றார் மேடம்.

அருண் ஜன்னலைப் பார்த்தார். "பதினாறு."

சுவரோரம் நின்றிருந்த ஏகாம்பரம் அண்ணன், விசாரணை தொடங்கியதிலிருந்து முதல்முறையாக வாயைத் திறந்தார். "பதினேழு தம்பி."

ஜி.எம். வெளியே இறங்கிப் போனார். வண்டிக்குள் ஏறி, வெள்ளைச் சட்டையோடு, ஒவ்வொரு டிரேயாகத் தொட்டு எண்ணுவதை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். திரும்பி வந்து கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். "பதினேழு," என்றார்.

திரையைப் பார்த்தால் டிரே போகிறது, டிரேயைப் பார்த்தால் திரை போகிறது.  மேடம் சிவப்பு நோட்டை ஜி.எம்.மிடம் நீட்டினார். அவர் படித்தார்.

"யார் இந்த ஸ்பீக்கரை லிஸ்ட்ல அடிச்சது?"

"நான்தான் சார்," என்றேன். பயத்தில் அடுத்ததும் வந்துவிட்டது. "நீங்ககூட அன்னிக்கு குட்னு சொன்னீங்க சார்."

நஸ்ரீன் அக்கா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டார். ஜி.எம். மேலே சுற்றும் ஃபேனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சரி. வேலையைப் பாருங்க," என்று போய்விட்டார். மெமோ வரவில்லை. கேட் புக்கும் வரவில்லை.

ஹோல்டை விடுவிக்கும் உரிமையை டெஸ்பாட்ச் மேசையிலிருந்து எடுத்து நஸ்ரீன் அக்காவின் மேசைக்கு மாற்றினேன். பத்து நிமிட வேலை. வருடக்கணக்காக யாரும் செய்யாமல் இருந்த பத்து நிமிட வேலை. அருண் கிளம்புமுன், அந்த ஜன்னலை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்று ஏகாம்பரம் அண்ணனிடம் கேட்டார். "எடுத்துக்க தம்பி, ஜன்னலுக்கு இன்னா துட்டா?" என்றார் அவர். அடுத்த பதிப்பில் அந்தக் கேள்விக்கு 'இல்லை' தேர்வாகி நின்றது. அருண் சொல்லித்தான் மாறியதா என்று தெரியாது. அப்படித்தான் என்று நம்பிக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

சனிக்கிழமை ஸ்பீக்கர் வாங்க அம்பத்தூர் ஓ.டி.க்கு நானும் ஏகாம்பரம் அண்ணனும் போனோம். கடைக்காரர் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார். "இது கொசு மாரி கீது." "இது ஆம்புலன்ஸ் மாரி கீது." ஐந்தாவதாகக் காட்டியதற்குக் கண்ணை மூடிக் கேட்டு, "இது பேசுது," என்றார். திங்கட்கிழமை அதை மாட்டி, ஒலியைப் பழைய பீப்புக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி தேர்ந்து வைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி ஐந்து எண்டர் அழுத்தினார். சத்தம் வந்தது. கை தானாக டிரைவருக்கு உயர்ந்தது.

ஒன்றரை வருடம் அப்படியே வேலை பார்த்து, மாலையும் சால்வையுமாக அவர் ஓய்வு பெற்றார். இப்போது காலையில் கொரட்டூர் ஏரிக்கரையில் நடக்கிறார். போன வாரம் போன் செய்தார். "புதுசா மாத்தறாங்களாமே? மொதல்ல சத்தம் வருதான்னு பாரு நைனா. அப்பறம் கலரப் பாத்துக்கலாம்." அவர் நாற்காலியில் இருக்கும் இப்போதைய பெண்ணும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் அடிக்கிறாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. ஜன்னல் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

திவ்யா, இம்ரான்: சிவப்பு நோட்டு என் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது. என் பெயர் உள்ள பக்கத்தைத் தேடிப் பாருங்கள். மூன்று பத்திகளுக்கும் கீழே, பென்சில் கோட்டுக்கு அடியில், மேடம் பிறகு தன் கையால் நான்காவதாக ஒன்று எழுதியிருக்கிறார். 'என்ன ஆயிற்று'. நான் மிச்சம் பிடித்த அந்த முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஆன செலவு. ஸ்பீக்கர் ஒரு ஜோடி, கடைக்காரர் இருபது குறைத்தது போக, முந்நூற்று முப்பது. பைக்குக்குப் பெட்ரோல் நூறு. மினி லாரி திரும்பி வந்து மறுபடி போன டீசல் நானூற்று அறுபது. டிரைவர் பழனி ரசத்தோடு விட்டுவந்த சாப்பாடு தொண்ணூறு. ஆக மொத்தம் தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்.